தேயிலையும் கராம்பும் ஒரே பெட்டியில்: பொதியிடக் கொடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சிறிய அளவில் தேயிலை விற்கும் நம்மவர்கள் பலர், மாத்தளைக் கறுவாவையும் கராம்பையும் தேயிலையுடன் சேர்த்துப் பரிசுப் பெட்டியாக்கித் தருமாறு பொதியிடும் நிலையங்களுடன் ஒப்பந்தம் செய்கிறார்கள். தனித்தனியே தரமாக இருக்கும் பொருட்கள் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று கெடுத்துவிடக்கூடும் என்பதை எண்ணிப் பாராமல் விடுவதே இதில் நேரும் மிகப் பெரிய தவறாகும்.

உலர்த்தியிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஏறத்தாழ 3 சதவீத ஈரப்பதமே இருப்பதால், அது சுற்றியுள்ள ஈரத்தையும் மணத்தையும் விரைவாக இழுத்துக்கொள்ளும். மெல்லிய பொலித்தீன் பக்கற்றில் இட்ட தேயிலைக்கு அருகில், துணிப்பையில் கட்டிய கராம்பை வைத்திருந்த ஒரு பெட்டியை இரண்டு மாதங்களின் பின் நான் திறந்தேன். கொதிநீர் ஊற்றியதும் முதலில் எழுந்தது கராம்பின் வாசனைதான். மலைத் தேயிலைக்கே உரிய மெல்லிய மணம் எங்கும் இல்லை. அந்த மணத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவரின் கையில் அப்பெட்டியைக் கொடுக்க மனம் வருமா? அலுமினியப் படலமுள்ள பைகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெப்பத்தால் ஒட்டிய பின்னரே ஒன்றாக அடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உயரத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் குறைவு; அதனால், கொழும்பில் காற்றோடு ஒட்டப்பட்ட பை இங்கே வந்ததும் உப்பிவிடும். அளவெடுத்துச் செய்த பெட்டியின் மூடி பொருந்தாது. இதற்காகப் பொதியிடும் பெண்களைக் குறை கூறுவது நியாயமன்று. பொதியிடும் ஊரிலிருந்து விற்கும் ஊர்வரை மாதிரிப் பெட்டிகளை அனுப்பிப் பார்த்த பின்னரே முழு வேலையையும் ஒப்படைக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைப்பெட்டிகளைச் சிமெந்துத் தரையில் நேரே அடுக்கவும் விடாதீர்கள்.

பெட்டியின் மேலிடும் காலாவதித் திகதி, உள்ளிருப்பவற்றுள் முதலில் காலாவதியாகும் பொருளுக்குரியதாக இருக்க வேண்டும். பெட்டிக்கெனத் தனியான பட்டைக்குறியீடும் தேவை; உள்ளேயுள்ள பக்கற்றின் குறியீடு வெளியே தெரிந்தால், கடையின் கருவி அதை வாசித்துப் பெட்டி முழுவதையும் ஒரு பக்கற்றின் விலைக்குப் பதிந்துவிடும். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை அனுமதியின்றி அழகுக்காக அச்சிடுவதும் தவறு. முற்றிலும் இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதியிடப்பட்டதாகவும் இருந்தால் மட்டுமே அதற்கு உரிமை உண்டு.

இறுதியாக, 500 பெட்டிகளுக்குச் சரியாக 500 பைகள், 500 மூடிகள் என எண்ணிக் கொடுக்காதீர்கள். நான்கு மூடிகள் கிழிந்தால், மற்றவை அனைத்தும் நிறைந்திருந்தும் 496 பெட்டிகளே கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மேலதிகமாக எத்தனை கொடுப்பது, மிஞ்சுவது யாருக்குச் சேரும் என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.