நெற்றியில் அக்கி, கோணிய முகம்: கண்ணைக் கெடுக்கும் தவறுகள்

சின்னம்மை வந்து போனாலும் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ ஒரு நரம்பின் வழியே கிளம்பி, அந்த நரம்புக்கு உட்பட்ட தோலில் மட்டும் கொப்புளங்களாக வெடிக்கும். அதுதான் அக்கி. நெற்றியில் வரும் அக்கியை இடுப்பில் வருவதைப் போல நினைக்கக் கூடாது. நெற்றிக்கும் கருவிழிக்கும் உணர்வு தருவது ஒரே நரம்புக் கிளை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, நேராக அக்கி எழுதப் போவது. மண்பாண்டம் செய்பவர்கள் செங்காவியைக் குழைத்துப் பூசும்போது குளிர்ச்சியாக இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதுவும் செய்யாவிட்டாலும் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ந்துவிடும். நல்ல பெயர் மட்டும் காவிக்குப் போகிறது! அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளோ, கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பவர் அந்த நேரத்தைத் தொலைக்கிறார். கெடு தாண்டிவிட்டதென்று வீட்டிலேயே இருந்துவிடுவதும் சரியல்ல. கண் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்குப் பிறகும் மருந்து தருவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மாத்திரையின் அளவு மாறும்.

மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. கண்ணுக்குள் செல்லும் நரம்பின் கிளைதான் மூக்கு நுனிக்கும் வருகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கண் பாதிப்பின் அறிகுறியாகச் சுட்டிக்காட்டினார். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். நுனி சுத்தமாக இருப்பதால் கண் தப்பியது என்றும் எண்ணிவிட வேண்டாம்.

கண் சிவந்ததும் வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடுவது அடுத்த தவறு. அதில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் என்ற வேறொரு வைரஸ் கருவிழியிலும் கிளை கிளையாகப் புண்ணை ஏற்படுத்தும். ஸ்டீராய்டு விட்டால் அந்தப் புண் படரும். அதே ஸ்டீராய்டைக் கண் மருத்துவர் சில நிலைகளில் தானே எழுதிக் கொடுப்பார். ஆனால் அவர் சாயம் விட்டு நீல ஒளியில் புண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தருவார். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் வேண்டாம்.

வலி போனதும் சிகிச்சையை நிறுத்துபவர்களும் உண்டு. இந்த வைரஸ்கள் கருவிழியின் உணர்வையே மழுங்கச் செய்யும். புண் ஆழமாகும்போதும் வலிக்காமல் இருக்கலாம்.

முகம் ஒரு பக்கம் கோணினால் முகவாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பார்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அதை வீட்டில் முடிவுசெய்ய முடியாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே காதையும் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குள் கொப்புளமும் வலியும் இருந்தால் அது முகநரம்பைத் தாக்கிய அக்கி. ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1907இல் விவரித்த நோய் இது. 2022இல் பாடகர் ஜஸ்டின் பீபருக்கு வந்தபோதுதான் பலர் கேள்விப்பட்டார்கள். காரணம் தெரியாத முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது.

வாய் கோணியதைப் பற்றிக் கவலைப்படும் வீட்டார் மூடாத இமையைக் கவனிப்பதில்லை. கருவிழி உலர்ந்து புண்ணாவது அங்கேதான். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு, மின்விசிறிக் காற்று நேரே படாத படுக்கை, வெளியே போனால் கண்ணாடி. தூங்கும்போது இமையை முழுவதும் மூடி, மருத்துவப் பட்டையை அதன் மேல் ஒட்ட வேண்டும். வெறும் பஞ்சை வைத்துக் கட்டினால் இமை உள்ளே திறந்துகொள்ளும். பிறகு அந்தப் பஞ்சே கருவிழியை உரசிப் புண்ணாக்கும்.