வீட்டை விரிவாக்கும்போது எல்லைத் தகராறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்பக்கம் ஒரு அறை சேர்க்கலாம் என்று மேஸ்திரி வந்து ஆணி அடித்து நூல் கட்டுகிற காலையில்தான் பெரும்பாலும் எல்லைத் தகராறு வெளியே வருகிறது. இருபது வருஷமாகக் குழம்பும் கறிவேப்பிலையும் கைமாறிய சுவருக்கு மேலே, "அண்ணே, நூல் எங்க பக்கம் வருதே" என்று குரல் கேட்கும். "பத்திரம் இருக்கு, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டச் சொல்வதுதான் முதல் தவறு. வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஆள் கூலி நஷ்டம்தான், ஆனால் சுவர் எழுந்த பிறகு இடிப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

பழைய காம்பவுண்டு சுவரையே எல்லை என்று நம்ப வேண்டாம். தாத்தா காலத்தில் கண்ணளவாக வைத்த சுவர், ஒரு முனையில் அரை அடி உள்ளேயும் மறுமுனையில் அரை அடி வெளியேயும் போயிருக்கலாம். பத்திரத்தில் உள்ள செக்குபந்தியையும் (நாலு பக்க எல்லை விவரம்) அளவுகளையும், வருவாய்த் துறையின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பட்டா மட்டும் இருந்தால் உரிமை உறுதியாகிவிடாது. கோர்ட்டுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்து, அவரவர் பங்கைத் தனி எண்ணாகப் பிரிக்கும் உட்பிரிவு செய்யாமல் விட்டிருந்தால், இரு வீட்டுக்கும் நடுவே உள்ள கோடே புலப்படத்தில் இருக்காது. அப்போது பத்திர அளவும் மனைப்பிரிவு வரைபடமும்தான் துணை.

அப்புறம், தனியார் சர்வேயரை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து, பக்கத்து வீட்டார் ஊரில் இல்லாதபோது அளப்பது. உங்களுக்குத் தெரிந்துகொள்ள அது போதும், அவர்களை அது கட்டுப்படுத்தாது. நில அளவைக்கு முறைப்படி விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். அரசு சர்வேயர் அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் கொடுத்துவிட்டு அளப்பார். அன்றைக்கு அவர்களும் கூடவே நின்று சங்கிலி எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். அந்த ஒரு மணி நேரம் எத்தனையோ வருஷப் பகையை மிச்சப்படுத்தும் என்று நான் மனதார நம்புகிறேன். கோபத்தில் யாரும் சர்வே கல்லைப் பிடுங்கிவிடக் கூடாது, அது குற்றம்.

மண்ணுக்குள் நடக்கும் தவறுதான் பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாலடிக்கு நாலடி ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் போடும் கான்கிரீட் அடித்தளம்), அதன் நடுவில் ஒன்பது அங்குல பில்லர் என்று வைத்துக்கொள்வோம். பில்லர் சரியாக எல்லைக் கோட்டை ஒட்டி நின்றாலும், கீழே ஒன்றரை அடிக்கு மேல் கான்கிரீட் அடுத்தவர் மண்ணுக்குள் போய்விடும். நாளைக்கு அவர் வானம் தோண்டும்போது கடப்பாரை அதில்தான் முட்டும். ஃபுட்டிங்கை முழுக்க நம் பக்கமே தள்ளி, உள்ளே இருக்கும் பில்லரோடு பீம் போட்டு இணைக்க இன்ஜினியருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பழைய செங்கல் சுவரின் கடைக்காலுக்குக் கீழே ஆழமாகத் தோண்டினால் அந்தச் சுவர் விரிசல் விடும். தோண்டும் முன்பே, அந்த வீட்டு அக்காவையோ அண்ணனையோ கூப்பிட்டு, ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை இருவருமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். சன்ஷேடும் மாடி மழைத்தண்ணீர்க் குழாயும் கோட்டைத் தாண்டக் கூடாது. கட்டிட விதிப்படி விட வேண்டிய பக்க இடத்தை விட்டுக் கட்டினால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது.

போலீசில் புகார் கொடுத்தால் எல்லை தீர்ந்துவிடும் என்பதும் தவறான எண்ணம். அடிதடி, மிரட்டல் என்றால் அவர்கள் வருவார்கள். கோடு எங்கே என்பதை முடிவு செய்வது சிவில் கோர்ட். அங்கே அட்வகேட் கமிஷனரை, அதாவது கோர்ட் சார்பில் போகும் ஒரு வக்கீலை நியமித்து, சர்வேயரோடு இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்வார்கள். தடையுத்தரவு வருவதற்குள் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை எழுப்பினால், அந்த அவசரமே உங்களுக்கு எதிராகப் பேசும்.

உங்கள் இடத்தில் அவர்கள் கட்டுகிறார்கள் என்றால் பேசாமல் இருக்கவும் கூடாது. சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டால், அனுபவத்தை, அதாவது இடம் உங்கள் கைவசம் இருந்ததை மட்டும் காட்டி இடத்தைத் திரும்பப் பெறும் வழக்குக்கு ஆறு மாதமே அவகாசம். உரிமையைக் காட்டி மீட்பதற்குப் பொதுவாக 12 வருஷம்.

சரி, பேசி முடிந்துவிட்டது, அரை அடி அவர்களுக்கு, அதற்கு ஈடாக முன்பக்கம் கொஞ்சம் உங்களுக்கு என்றால், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். பரிவர்த்தனைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இன்றைக்குக் கை குலுக்கிய இருவரின் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம்தான் தேவைப்படும்.