சாரல் காலத்தில் பவர் வீடரைப் பாதுகாப்பாக இயக்கும் முறை

ஆரியங்காவு கணவாய் வழியே காற்றும் சாரலும் இறங்கத் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, பண்பொழி, வடகரை, மேக்கரைப் பகுதித் தோப்புகளில் கோரையும் அருகம்புல்லும் பத்தே நாளில் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடும். மம்பட்டி பிடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், பின்னால் நடந்தபடியே இயக்கிக் களை எடுக்கும் பவர் வீடர் இன்று பெரும்பாலான வாழைத் தோட்டக்காரர்களிடம் இருக்கிறது. இல்லாதவர்கள் வாடகைக்கோ கைமாற்றாகவோ வாங்கி ஓட்டுகிறார்கள். ஐந்து முதல் ஏழு குதிரைத்திறன் கொண்ட இந்தச் சிறிய இயந்திரத்தை டிராக்டரைப் போல எவரும் அஞ்சுவதில்லை. டிராக்டரில் சுழலும் பகுதி ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால், கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பவர் வீடரில் அது ஓட்டுபவரின் கால் விரலுக்கு முன்னால் இரண்டடியில் சுழல்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், மேக்கரையில் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் களை ஓட்டிக்கொண்டிருந்த தம்பியின் இயந்திரத்தில், நனைந்த பன்னாடையும் வாழைக்கு முட்டுக் கொடுத்த நைலான் கயிறும் சேர்ந்து சுற்றிக்கொண்டு, சுழலும் கத்திகள் நின்றுவிட்டன. அவன் கிளட்ச் பிடியை விட்டுவிட்டான், இன்ஜினை நிறுத்தவில்லை. குனிந்து கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தபோது அடைப்பு விடுபட்டது. அந்தக் கணமே கத்தி அரைச் சுற்று சுற்றியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. பிறகு பார்த்தபோது கிளட்ச் கேபிள் இறுகிக் கிடந்தது தெரிந்தது; பிடியை விட்ட பின்னும் பெல்ட் புல்லியை உரசி லேசாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிடியை விட்டால் கத்தி நின்றுவிடும் என்று அவன் நம்பியதில் பிழை சொல்ல முடியாது. அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

ஆகவே அடைப்பு எடுப்பதிலிருந்தே தொடங்குகிறேன். கத்தி நின்றதும் முதலில் கிளட்ச் பிடியை விடுங்கள் (அழுத்தினால் இணைப்பு அறுபடும் வகையானால் அழுத்திப் பிடியுங்கள்), அடுத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், அதன்பின் இன்ஜின் சுவிட்சை அணையுங்கள். இன்ஜின் ஓசை அடங்கிய பிறகு ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி விலக்கி வையுங்கள். இந்தக் கடைசி வேலையை வீண் வேலை என்று நினைப்பவர்கள் பலர். கியர் விழுந்த நிலையில் கத்தியைக் கையால் திருப்பினால் அந்த அசைவு பெல்ட் வழியாக இன்ஜினின் பிஸ்டன் வரை போகக்கூடும். சூடான இன்ஜினில் பிளக் இணைந்திருந்தால் ஒரே ஒரு தடவை பற்றிக்கொள்வதும் நடக்கக்கூடியதே. டீசல் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் இல்லை. அங்கே எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலை முழுவதுமாக இழுத்து இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்த பிறகே கத்தியின் பக்கம் போக வேண்டும்.

இன்ஜின் நின்ற பின்னும் கத்தியில் விசை மிச்சமிருக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இறுகிச் சுற்றிய கயிறும், முறுக்கேறிய பெல்ட்டும் வளைத்துப் பிடித்த மூங்கில் போன்றவை. அடைப்பு அறுபட்டவுடன் கத்தியை ஒரு கால் சுற்றாவது உதறித் தள்ளும். எனவே அடைப்பில் கையை நுழைக்காதீர்கள். ஒன்றரை முழம் நீளமுள்ள இரும்புக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, பழைய சைக்கிள் டியூபால் இயந்திரத்தின் கைப்பிடியோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றையும் நாரையும் முதலில் கத்தரிவாளால் பல இடங்களில் அறுத்துவிட்டு, துண்டுகளைக் கொக்கியால் இழுத்தெடுக்க வேண்டும். பனி பெய்யும் நாடுகளில் வாசலில் குவிந்த பனியை அள்ளி வீச இதே போலப் பின்னால் நடந்து இயக்கும் ஓர் இயந்திரம் உண்டு. ஈரப் பனி வாயில் அடைத்துக்கொள்ளும்போது கையால் தோண்டித்தான் அங்கேயும் பலர் விரல்களை இழக்கிறார்கள். அதனாலேயே அந்த இயந்திரங்கள் பலவற்றில் அடைப்பு எடுக்கும் கோலைத் தயாரிப்பாளர்களே இயந்திரத்தின் மேல் பொருத்தி விற்கிறார்கள். நம் இயந்திரங்களில் அது வருவதில்லை. நாமே செய்து கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கம்பி கையருகே இல்லாவிட்டால், வீட்டுக்குப் போய் எடுத்து வர அரை மணி ஆகுமே என்ற எண்ணம் எவருக்கும் வரும். கை போவது அந்த எண்ணத்தினால்தான்.

அடைப்பே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஓட்டப்போகும் வரிசையை முதலில் ஒருமுறை வெறுமனே நடந்து பார்க்க வேண்டும். தென்னை மட்டை, பன்னாடை, பாளை, அறுந்த நைலான் கயிறு, உரச் சாக்கு, சொட்டுநீர்க் குழாய், வேலிக் கம்பித் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி வரப்பில் போடுங்கள். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி மரத்தடியில் வைத்துவிட்டே இயந்திரத்தை இறக்குங்கள். களை முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தால் முதலில் அரிவாளால் அறுத்தோ புல்வெட்டும் இயந்திரத்தால் வெட்டியோ தாழ்த்திய பிறகே வீடர் ஓட்ட வேண்டும். நீண்ட புல் அச்சில் நூல்கண்டு போலச் சுற்றும். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டு கையில் ஒட்டினால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். சாரல் நின்று ஒரு நாள் வெயிலோ காற்றோ பட்டு, உருண்டை விரலால் அழுத்தியதும் உதிரும் நிலை வந்தால் கத்தியும் சுற்றிக்கொள்ளாது, மண்ணும் கட்டியாகாது. பரணில் நனைந்து கிடந்த துணியைப் போல மண் பிசுபிசுக்கும் நாளில், வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இறங்கியவர்களே மணிக்கு நான்கு முறை குனிந்து அடைப்பு எடுக்கிறார்கள்.

உடையில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை மாற்றியே தீர வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடர் ஓட்டக் கூடாது. குனியும்போது துண்டின் நுனி பெல்ட்டில் மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். மடிப்பு அவிழ்ந்த கைலி கத்தியில் சிக்கினால் காலோடு இழுக்கும். இறுக்கமான கால்சட்டை, கையை ஒட்டிய சட்டை, ரப்பர் பால் வெட்டுபவர்கள் அணியும் கம்பூட்ஸ் ஆகியவை போதும். முன்னங்காலில் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ் கிடைத்தால் இன்னும் சிறப்பு. பெண்கள் ஓட்டினால் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வது மட்டும் போதாது. முந்தானையும் கீழ்க்கொசுவமும் தொங்காத உடை வேண்டும். காதுக்குப் பஞ்சை விட, கடைகளில் விற்கும் காதடைப்பான் நல்லது. எட்டு மணி நேரம் தொடர்ந்து 85 டெசிபலுக்கு மேல் ஓசை கேட்டால் காது கெடத் தொடங்கும்; பக்கத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் ஓசை அந்த அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

அந்த ஓசையால் இன்னொரு சிக்கலும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த பிறகும், உறவும் தோட்ட வேலையும் மலைக்கு இரண்டு பக்கமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கேரளத்தின் அச்சன்கோவில் பக்கத்திலிருந்து வரும் ஆளும் நம் ஊர் ஆளும் ஒரே வரிசையில் வேலை செய்வார்கள். தமிழில் ‘நிறுத்து’ என்றாலும் மலையாளத்தில் ‘நிர்த்து’ என்றாலும் இன்ஜின் ஓசையில் இரண்டுமே காதில் விழாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்தி கல்லைத் தெறிக்க வைக்கும் என்பதால் பதினைந்து அடிக்குள் எவரும் நிற்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. குழந்தைகள் தோட்டத்துக்குள் இருந்தால் இயந்திரம் ஓடவே கூடாது.

இயந்திரத்தைக் கிளப்பும் முன் இன்ஜின் எண்ணெய் அளவைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். கத்தி போல்ட்டுகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கத்தி மாற்றிய மறுநாள் இது கட்டாயம். கத்தியில் இடப்பக்கத்துக்கு வேறு, வலப்பக்கத்துக்கு வேறு. கூரான விளிம்பு சுழலும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் மொட்டை முதுகு மண்ணில் மோதி இயந்திரம் தவளை போலக் குதிக்கும். கத்திக்கு மேலே உள்ள தகரக் காப்பைக் களை அடைக்கிறது என்று கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகரம் இல்லாத இயந்திரத்தை நான் யாரிடமிருந்தும் வாங்கி ஓட்டமாட்டேன். பெட்ரோலை இன்ஜின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், சற்றுத் தள்ளி இருக்கும் பீடித் தீயையும் பிடித்துக்கொள்ளும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கைமாற்றாக வாங்கிய இயந்திரத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். சில இயந்திரங்களில் பிடியை அழுத்தினால் கத்தி சுற்றும், விட்டால் நிற்கும். வேறு சிலவற்றில் அழுத்தினால் இணைப்பு அறுபடும், விட்டால் சுற்றும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் பதறும்போது தலைகீழாகச் செய்யும். எனவே இன்ஜினைக் கிளப்பாமல், உரிமையாளரையே பக்கத்தில் நிறுத்தி, பிடி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு, கையால் நான்கைந்து முறை அழுத்தி விட்டுப் பழகுங்கள். அதன்பின் சமதரையில் கிளப்பி, பிடியை விட்டதும் (இரண்டாம் வகையானால் அழுத்தியதும்) கத்தி முழுவதுமாக நிற்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். ஊர்ந்தாலும் அந்த இயந்திரத்தை வயலில் இறக்கக் கூடாது. கேபிளின் நட்டைச் சரிசெய்த பிறகே வேலை.

ஓட்டும்போது கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பின்னால் மண்ணில் ஊன்றியபடி வரும் ஆழக்கட்டைதான் இயந்திரத்தின் பிரேக்கு: அதைத் தரையில் அழுந்த விட்டால் கத்தி ஆழமாக இறங்கும், தூக்கினால் இயந்திரம் முன்னே ஓடும். காய்ந்த இடத்தில் முதல் நடையில் இரண்டு அங்குலம் போதும். இரண்டாம் நடையில் ஆழப்படுத்துங்கள். எடுத்த எடுப்பிலேயே ஆழமாக அழுத்தினால் கெட்டித் தரையில் கத்தி பிடிமானம் கிடைக்காமல் இயந்திரத்தையே இழுத்துக்கொண்டு ஓடும். வாழை வேர் மேலோட்டமாகப் பரவுவதால் கன்றிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளியே ஓட்டுங்கள். அது வாழைக்கும் நல்லது, முட்டுக் கயிற்றில் மாட்டாமல் இருக்க உங்களுக்கும் நல்லது. வாய்க்கால் ஓரத்திலிருந்து மூன்றடி விட்டுவிடுங்கள். மேக்கரை போன்ற சரிவான நிலத்தில் எப்போதும் இயந்திரத்துக்கு மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். அது சறுக்கினாலும் உங்களை விட்டு விலகிப் போகும்.

பின்கியரைப் போல ஆபத்தானது வேறில்லை. பின்னே தென்னை இருப்பதை மறந்து பின்கியர் போட்டால், மரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிடியை விடக்கூட முடியாத நிலை வரும். கத்தியும் கால் பக்கம் நகரும். வரிசை முனையில் திரும்பும்போது முதலில் கத்தியின் இணைப்பைத் துண்டித்து, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்த பிறகே பின்கியர் போடுங்கள். இடம் இருந்தால் முன்னோக்கியே வளைந்து திரும்புங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இறுக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அறுபட்ட விரல் கிடைத்தால் மண்ணைத் துடைத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வையுங்கள். விரலின் மேல் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. பட்டால் திசு கெட்டு, தைத்துப் பொருத்த முடியாமல் போகும். காயத்தில் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ தடவாதீர்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, பிளக் தொப்பியைக் கழற்றிய பிறகு கத்தியில் சுற்றிய நாரைக் கொக்கியால் எடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்க வேண்டியிருந்தால் கைப்பிடி தரையில் படும்படி பின்னோக்கிச் சாய்த்து வையுங்கள். காற்று வடிகட்டி கீழே வரும்படி பக்கவாட்டில் சாய்த்தால் எண்ணெய் அதற்குள் இறங்கும். புது இயந்திரமானால் முதல் 20 மணி நேர ஓட்டத்தில் எண்ணெயை மாற்றி, பிறகு 100 மணிக்கு ஒருமுறை மாற்றினால் பெரும்பாலான சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்குப் போதும். சாரல் முடிந்து சில மாதம் சும்மா வைப்பதானால் தொட்டியில் மீந்த பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் பிளக் ஸ்பேனரும் இன்ஜின் சாவியும் கொட்டகையில் அல்ல, அடுப்படிக்கு வெளியே உயரமான ஆணியில் தொங்குகின்றன. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம் அது. தம்பி இப்போது இடது கையால் கொக்கிக் கம்பியைப் பிடிக்கப் பழகிவிட்டான். எங்கள் தோட்டத்து வீடரை இரவல் கேட்டு வருபவர்களிடம் அந்தக் கம்பியையும் சேர்த்துக் கொடுத்து, பிளக் தொப்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே அவன் சாவியைத் தருகிறான்.