அறுப்பதற்கு முன் விற்றுவிடுங்கள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் பி.பி.ஆர். எனும் அரசாங்க மலிவு அடுக்குமாடியில் தோட்டம் போட ஆசை என்று யாராவது வந்தால், அவர்கள் கைப்பேசியில் அண்டை அயலார் எண்கள் இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் கேட்பேன். விதையைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த ஊர் வெயிலில் காலையில் அறுத்த கீரை மதியத்துக்குள் துவண்டுவிடும். வாங்க ஆள் இல்லாமல் அறுத்தால் மூன்று வேளையும் நீங்களே தின்ன வேண்டியதுதான்.

தக்காளி வேண்டாம். முகநூலில் படம் அழகாக இருக்கும். இங்கே புழுக்கத்தில் பூ உதிரும், வயிறும் நிறையாது. கங்கோங் கீரை போடுங்கள். பாசாரில் (சந்தையில்) வாங்கிய கட்டிலேயே முற்றிய தண்டுகளை எடுத்து, மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்த்து நடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தயார். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். விதைக்குக் காசு இல்லை, அதுதான் முக்கியம்.

மீன் கடைகளில் ஐஸ் போட்டு வரும் வெள்ளைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். துளையை அடியில் போடாதீர்கள். பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் போடுங்கள். கீழே ஈரம் தங்கும், மிச்சம் வழிந்துவிடும், மண்ணுக்கு மேல் நீர் நிற்காது. பெட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் தவறாமல் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு வாரம்தான் எடுக்கும். சுகாதார அதிகாரி லார்வாவைக் கண்டால் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். கீரை விற்ற காசு அதற்குக் காணாது.

பெட்டியைத் தாழ்வாரச் சுவர் மேல் வைப்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை. 2018இல் பந்தாய் டாலாமில் மாடியிலிருந்து விழுந்த ஒரு நாற்காலி பள்ளி மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. நிர்வாகத்திடம் கேட்டுக் கீழே இடம் வாங்குங்கள்.

இனிக் கைப்பேசி. வாட்ஸ்அப் பிசினஸ் இறக்கிக்கொண்டு, பொருள் பட்டியலில் ஒவ்வொரு கீரைக்கும் ஒரு படம், கட்டின் விலை, எடுக்கும் நேரம் மூன்றையும் போடுங்கள். படத்தைக் காலை வெயில் ஏறுமுன் எடுங்கள். பிளாஷ் பட்டால் கீரை வெளுத்து, பழையது போல் தெரியும். அறுப்புக்கு முதல் நாள் மாலை ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) வழியாக எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள். உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு அந்தச் செய்தி போகாது, அதனால் முதலில் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் அக்காமார் குரல் பதிவு அனுப்பட்டும். இரவு வந்த ஆர்டரைக் கூட்டி, விடிந்ததும் அவ்வளவை மட்டும் அறுங்கள்.

பணத்துக்கு, கைப்பேசியால் வருடிச் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் குறியீடு போதும். பணம் போட்டதாக யாராவது படம் காட்டினால் தலையாட்டாதீர்கள், உங்கள் வங்கிச் செயலியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணை (ஓ.டி.பி.) நீங்கள் பெற்ற பிள்ளையே கேட்டாலும் சொல்லாதீர்கள். இதெல்லாம் கைவராதென்றால் அருகிலுள்ள நாடி எனும் அரசாங்க இணைய மையத்தில் போய் உட்காருங்கள். இணையமும் பயிற்சியும் அங்கே உண்டு. கணக்கை மட்டும் நான் இன்னும் பள்ளிக்கூட நோட்டில்தான் எழுதுகிறேன். நோட்டுக்குச் சார்ஜ் போட வேண்டாம்.

இதனால் பணக்காரராகிவிடலாம் என்று யாராவது பயிற்சியில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பி.பி.ஆர். வாடகை மாதம் 124 ரிங்கிட். அதில் ஒரு பங்கு வந்தாலே எனக்கு மகிழ்ச்சி. விற்காத நாளிலும் வீட்டுச் சட்டியில் பச்சை இருக்க வேண்டும். கோலாலம்பூரின் மலிவு அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று யுனிசெப் 2018இல் சொன்னது. ஆகவே முதல் கட்டு பிள்ளைகளுக்கு, பிறகுதான் ஆர்டர்.

தொடர்ந்து விற்பதென்று முடிவானால் தொடங்கிய 30 நாளுக்குள் வணிகங்களைப் பதியும் அரசாங்க அமைப்பான எஸ்.எஸ்.எம்.மில் பதியுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.