பழைய கமராவின் ஷட்டர் துணிக்கு எந்தப் பசை?

பென்டாக்ஸ் கே1000, செனித் ஈ, சோர்க்கி 4 ஆகிய பிலிம் கமராக்கள் எல்லாவற்றிலும், பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ரப்பர் பூசிய இரண்டு கறுப்புத் துணித் திரைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு மெல்லிய உலோகச் சட்டம், சட்டத்திலிருந்து போகும் இரண்டு நாடாக்கள். திரையின் ஒரு முனையில் துணியும் மறுமுனையில் நாடாக்களும் உருளைகளில் ஒட்டப்பட்டிருக்கும். கமரா சும்மா கிடக்கும்போதும் ஸ்பிரிங் இந்த ஒட்டுகளை மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இதற்குரிய பசை உருளையைச் சுற்றி வளைந்தாலும் வெடிக்கக் கூடாது, தடிப்பாக நிற்கக் கூடாது, மாதக்கணக்கில் இழுபட்டாலும் நகரக் கூடாது. கடையில் "இரும்பையே ஒட்டும்" என்று தருவதில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலாவது தோற்றுவிடும்.

தடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கே1000இல் 36 மில்லிமீற்றர் அகலத்தைத் திரை சுமார் 1/60 செக்கனில் கடக்கிறது. 1/1000 செக்கன் வேகத்தில், ஒளி நுழையும், இரண்டு திரைகளுக்கும் இடையிலான பிளவு 2 மில்லிமீற்றர் சொச்சம்தான். உருளையின் மேல்முனையில் பசை கொஞ்சம் கட்டியாக நின்றால் அந்தப் பக்கம் உருளை பருத்துவிடும், திரை சாய்ந்து ஓடும், படத்தின் ஒரு பக்கம் வெளுத்துப் போகும்.

பொருத்தமானது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை அடிப்படையாகக் கொண்ட கொன்டாக்ட் பசை. செருப்புத் தைப்பவர்கள் அடிப்பாகம் ஒட்டப் பாவிக்கும் தேன் நிறப் பசை பெரும்பாலும் இதுதான். ஹார்ட்வெயார் கடையில் சின்ன டின்னாக, புதிதாக வாங்குங்கள். திறந்து நாளாகி, குச்சியில் எடுத்தால் நூல் நூலாக இழுபடும் டின் வேண்டாம். வெளிநாட்டுக் கமராத் திருத்துநர்கள் சொல்லும் பிளையோபான்ட், நைட்ரைல் ரப்பர் பசை. கிடைத்தால் அதுவும் நல்லது.

சூப்பர் குளூவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அது துணியின் இழைக்குள் ஊறிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். இறுகிய இடத்தின் ஓரத்தில் துணி ஒவ்வொரு முறை மடியும்போதும் முறியும். அதன் ஆவி லென்ஸிலும் வியூபைண்டரிலும் வெள்ளைப் படலமாகப் படியும். ஈரக்காற்று அதை இன்னும் வேகமாக இறுக்கும் என்பதால், பனிமூட்டம் இறங்கிய நாளில் திரையை நேராக்க முன்பே பிடித்துக்கொள்ளும். அரல்டைட் போன்ற எபொக்சியும் வளையாது. மரத்துக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். வினாகிரி மணம் வரும் சிலிக்கன், அசற்றிக் அமிலத்தை விட்டு உலோகத்தை அரிக்கும். அதைவிட மோசம், அது பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. சைக்கிள் பஞ்சர் சொலூஷன் ரப்பரோடு ரப்பரைப் பிடிக்கும், ஆனால் உலோக உருளையில் நாளடைவில் வழுக்கும்.

எந்தப் பசையானாலும் கமராவில் வைக்குமுன் சோதியுங்கள். பழைய திரைத் துணியில் இரண்டு கீற்றுகளை 5 மில்லிமீற்றர் மேல்படிய ஒட்டி, 24 மணித்தியாலம் விட்டு, பென்சிலில் சுற்றிப் பாருங்கள். ஓரம் கிளம்பினால் அல்லது வெடித்தால் அந்தப் பசை வேண்டாம். தேறினால் ஒட்டின் ஓரத்தில் பேனையால் ஒரு கோடு போட்டு, கீற்றின் அடியில் ஒரு சிறு பாரத்தைக் கட்டி மூன்று நாள் தொங்கவிடுங்கள். கோடு விலகியிருந்தால் பசை நகர்கிறது என்று அர்த்தம். பலர் தவறவிடுவது இந்தச் சோதனையைத்தான்.

நமது மலையகத்தில் நாள் பார்த்துத்தான் பசையைத் திறக்க வேண்டும். கொன்டாக்ட் பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்று ஈரமாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணீர் படியும், பசை லேசாக வெளிறும், ஒட்டு பிறகு உரிந்து வரும். ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வசதியான காலம். பண்டாரவளை, பதுளை பக்கத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அவசரமென்றால் அறையையும் கமரா உடலையும் மேசை விளக்கால் முன்கூட்டியே சூடாக்கி, விளக்கை அணைத்த பிறகு டின்னைத் திறக்கலாம். கரைப்பான் தீப்பற்றக் கூடியது. அடுப்பெரியும் வீட்டில், கதவை மூடிக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வேலை தொடங்குமுன் பழைய துணி உருளையில் எங்கே முடிகிறது என்று அரை மில்லிமீற்றர் துல்லியத்தில் அளந்து, படமும் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். உருளையிலுள்ள பழைய பசையை லைட்டர் பெற்றோலில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். வெறும் உலோகத்தில் மிச்சம் நின்றால் கொஞ்சம் அசிற்றோன் போதும், துணியிலோ பெயின்ற் அடித்த பாகத்திலோ அது படக் கூடாது. சுத்தம் செய்த இடத்தை விரலால் தொடாதீர்கள், தோல் எண்ணெய் ஒட்டைக் கெடுக்கும்.

பல்குத்தும் குச்சியின் நுனியால் இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் அகலத்துக்கு, கீழேயுள்ளது தெரியும் அளவு மெல்லிசாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் கரைப்பான் துணியின் ரப்பரை ஊதவைத்துச் சுருக்கும். 10 முதல் 15 நிமிடம், குளிரில் இன்னும் கூட, காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் ஒட்டி இழுபடாத நிலை வர வேண்டும். இந்தப் பசை பட்டவுடன் பிடிக்கும், திருத்த இடம் தராது. அதனால் இடையில் எண்ணெய்த்தாள் துண்டொன்றை வைத்து, சட்டம் உருளைக்குச் சமாந்தரமாக நிற்கும்வரை சரிசெய்து, பிறகு தாளை மெல்ல உருவுங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக அழுத்துங்கள். இந்தப் பசைக்கு நேரத்தைவிட அழுத்தமே பிடிமானம் தரும். குறைந்தது ஒரு முழு நாள் ஸ்பிரிங்கில் இழுவை ஏற்றாமல் விடுங்கள், மழைக்காலத்தில் மூன்று நாள்.

ஊசித் துவாரங்களுக்குப் பசை வேண்டாம். இருட்டறையில் திரைக்குப் பின்னால் டோர்ச் பிடித்துத் துவாரங்களைக் கண்டுபிடித்து, துணிக்குப் பூசும் கறுப்பு அக்ரிலிக் பெயின்றைத் தண்ணீர் கலந்து ஒரு மெல்லிய பூச்சுப் போடுங்கள். சோர்க்கியில் ஒரேயொரு வட்டத் துவாரம் இருந்தால் அது வெயில் சுட்டதாக இருக்கலாம். லென்ஸுக்கும் திரைக்கும் இடையில் மறிக்கும் முகக்கண்ணாடி சோர்க்கியில் கிடையாது, மூடி போடாத லென்ஸ் வெயிலைத் திரையிலேயே குவித்துவிடும். ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தால் பூச்சு நிற்காது, திரையையே மாற்ற வேண்டும்.

இழுவையை எண்ணிய சுற்றுக்கே திரும்ப ஏற்றி, பிலிம் இல்லாமல் ஐம்பது முறை இயக்கிய பின் ஒட்டின் ஓரங்களை உருப்பெருக்கியில் பாருங்கள். நல்லதாக இருந்தால் மேகமில்லாத வானத்தையோ வெறும் சுவரையோ அதிகூடிய வேகத்தில் நாலைந்து படம் எடுத்து, நெகட்டிவின் இரண்டு பக்கமும் ஒரே அடர்த்தியா என்று ஒப்பிடுங்கள்.