ஃபயர் அலாரம் பேனலில் ஆக்ஸ் பவர் வயரிங்: ஒரு கல்யாண மண்டபக் கணக்கு

பேனல் கதவைத் திறந்தால் ஜோன் (ஒரு பகுதியின் டிடெக்டர் வரிசை) டெர்மினல்களுக்குப் பக்கத்தில் ‘ஆக்ஸ் 24 வோல்ட்’ என்று, வெளிச் சாதனங்களுக்குக் கரன்ட் கொடுக்கும் டெர்மினல்கள் பெரும்பாலும் இரண்டு ஜோடி இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஜோடி, ரீசெட் பட்டனை அழுத்தும்போது சில நொடி அணைந்து திரும்ப வரும். தனியாகக் கரன்ட் கேட்கும் நான்கு வயர் டிடெக்டர்களுக்கு இதுதான். அலாரத்தில் நின்றுவிட்ட டிடெக்டர் கரன்ட் போய் வந்தால்தான் விடுபடும். மற்ற ஜோடி அணையாது. ரிப்பீட்டர் பேனல் (பேனல் காட்டுவதை வேறிடத்தில் காட்டும் துணைப் பெட்டி), தீத்தடுப்புக் கதவைப் பிடித்திருக்கும் காந்தம் எல்லாம் அங்கே. மாற்றிக் கொடுத்தால், ரீசெட் செய்யும்போதெல்லாம் பந்தி நடக்கும் கூடத்தின் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும்.

வயரைத் தொடுமுன் கணக்கு. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மண்டபம் என்று வையுங்கள். உயரமான கூரைக்கு பீம் டிடெக்டர் (ஒளிக்கற்றையைப் புகை மறைப்பதை உணர்வது) 2, தலா 30 மில்லி ஆம்பியர். ஆக்ஸ் வயர் அறுந்தால் காட்டிக்கொடுக்கும் கண்காணிப்பு ரிலே 25. காந்தம் 2, தலா 60. ரிப்பீட்டர் 100. மொத்தம் 305. பேனல் 500 தரும் என்றால் போதும்தானே என்று தோன்றும். போதாது. மின்வெட்டில் இத்தனையும் பேனலின் பேட்டரியிலிருந்துதான் போகும். பேனலின் சொந்தச் செலவு 150 சேர்த்தால் 0.455 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 10.9 ஆம்பியர் மணி. கைக்காப்பாகக் கால் பங்கு கூட்டினால் 13.6. பழக்கத்தில் மாட்டும் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஜோடி அன்றிரவே படுத்துவிடும். 2018 நவம்பரில் கஜா கரையேறியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. டெல்டாவில் இந்தக் கணக்கை ஏனோதானோவென்று போடக் கூடாது. காந்தங்களைத் தனி பவர் சப்ளைக்கு மாற்றினால் தேவை 10க்கு இறங்கும், 12 ஆம்பியர் மணி ஜோடி போதும். அலாரம் ஒலிக்கும் நேரத்துச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அளவு பேட்டரிக்குப் பேனலின் சார்ஜர் ஈடுகொடுக்குமா என்பது மேனுவலில் இருக்கும்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. 60 மீட்டர் தூரத்துக்குப் போக வர 1.45 ஓம், பீம் டிடெக்டர் இரண்டும் ரிலேயும் இழுக்கும் 85 மில்லி ஆம்பியரில் 0.12 வோல்ட்தான் விழும், கவலை இல்லை.

முதலில் மெயின்ஸை அணையுங்கள், பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். ஆக்ஸ் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் முதல் டிடெக்டர், அடுத்தது என்று வரிசையாகக் கொண்டுபோங்கள். டெர்மினலில் வயரை வெட்டி, வருவதைத் தனியாகவும் போவதைத் தனியாகவும் முறுக்குங்கள். வெட்டாமல் வளைத்து ஒரே திருகில் மாட்டினால், வயர் கழன்றாலும் பேனலுக்குத் தெரியாது.

புதியவர்கள் அதிகம் தவறுவது கண்காணிப்பு ரிலேயில். அதன் காயில் (கம்பிச்சுருள்), கடைசி டிடெக்டருக்கு அப்பால் ஆக்ஸ் வயரின் முனையில் இருக்க வேண்டும். கரன்ட் இருக்கும்போது மூடும் அதன் கான்டாக்ட், ஜோன் வயர் முழுதாக இருக்கிறதா என்று பேனல் பார்க்க அதன் கடைசியில் மாட்டும் முனை ரெசிஸ்டருடன் தொடராகச் சேர வேண்டும். நடுவில் எங்கே வயர் அறுந்தாலும் ரிலே விழும், ஜோன் திறக்கும், பேனலில் ஃபால்ட் எரியும். வசதிக்காக ரிலேயைப் பேனல் பெட்டிக்குள்ளேயே வைப்பதை ஒருநாளும் ஏற்காதீர்கள். டிடெக்டர் செத்துக் கிடக்க, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அணையும்போது காயில் எழுப்பும் வோல்ட் உதறலை அடக்க, ரிலே, காந்தம் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். உள்ளேயே டையோடு இருந்தால் வேண்டாம். திருப்பிப் போட்டால் ஆக்ஸ் ஃபியூஸ் போகும். அந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றாதீர்கள்.

பேனலில் செருகுமுன், மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு வயரையும் எர்த்துடன் தனித்தனியாகப் பாருங்கள். திறந்தே காட்ட வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஈரச் சுவரில் புதைந்த ஜங்ஷன் பாக்ஸ்தான் பெரும்பாலும் எர்த் ஃபால்ட்டுக்குக் காரணம்; பாக்ஸில் வயர் நுழைவதை அடிப்பக்கம் வையுங்கள்.

மெயின்ஸ் கொடுத்து, பேட்டரியைச் சேருங்கள். கடைசி டிடெக்டரில் ஆக்ஸ் வயரைக் கழற்றினால் ஃபால்ட் வர வேண்டும். மெயின்ஸை அணைத்து, பேட்டரியில் ஓடும்போது கடைசி டிடெக்டரில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். ஆக்ஸில் அளந்த மொத்தக் கரன்ட்டைக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். நாளை இன்னொரு காந்தம் சேர்க்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.