ஓவியர்கள் சேர்ந்து ஒரு கலைக்கூடத்தை நடத்துவது எப்படி

1966ஆம் ஆண்டில் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைப் பள்ளியில் அவரிடம் பயின்ற ஓவியர்களும் சிற்பிகளும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அந்த நிலத்துக்கான பணம், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களை அவர்களே செய்து விற்றதில் சேர்ந்தது. கூட்டாகக் கலைக்கூடம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஓவியம் விற்றுத்தான் வாடகை கட்ட வேண்டும் என்ற நிலை அவர்களுக்கு இல்லை.

ஆகவே இடம் தேடுவதற்கு முன்பே ஓராண்டுக்கான வாடகை, மின்கட்டணம், காவலர் சம்பளம், காப்பீடு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை முழுவதும் கைவினைப் பொருள் விற்பனை, சட்டகம் போட்டுத் தருதல், குழந்தைகளுக்கான வார இறுதி ஓவிய வகுப்பு, கூடத்தை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுதல் போன்ற நிலையான வரவுகளிலிருந்து வருமாறு திட்டமிட வேண்டும். ஓவிய விற்பனையில் கிடைக்கும் கமிஷனை மட்டும் நம்பும் கூடத்தில், எந்தப் படம் விலைபோகும் என்ற கேள்வியே நாளடைவில் எந்தப் படத்தை மாட்டுவது என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அது கலைஞர்களின் கூடமாக இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைத்து, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆனால் பதிவுக்குக் கொடுக்கும் துணைவிதிகளை வேறொரு சங்கத்தின் தாளைப் பார்த்து நகலெடுத்துவிடாதீர்கள். நண்பர்களாகத் தொடங்கியவர்கள் பிரிவது பெரும்பாலும் கொள்கையால் அல்ல, சுவரால்தான். நல்ல வெளிச்சம் விழும் சுவர் யாருக்கு, பொங்கல் விடுமுறை வாரம் யாருக்கு என்பதில்தான். எனவே கூடத்தை ஒதுக்குவது குலுக்கல் முறையிலா சுழற்சி முறையிலா என்பதையும், நிர்வாகக் குழுவில் இருப்பவர் தம் பதவிக் காலத்தில் தனிக்கண்காட்சி வைக்கலாமா என்பதையும், உறுப்பினர் ஒருவர் இறந்தால் கூடத்தில் இருக்கும் அவருடைய படைப்புகள் யாரிடம் சேர வேண்டும் என்பதையும் துணைவிதிகளிலேயே எழுதிவிடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பேசுவதற்குப் பலரும் தயங்குவார்கள். அப்படிப் பேசாமல் விட்டதன் சுமை துக்க வீட்டின் மீதுதான் விழும்.

படைப்பு கூடத்துக்குள் வந்த அன்றே தலைப்பு, அளவு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), விலை, கமிஷன் விகிதம், ஏற்கெனவே உள்ள சேதம் ஆகியவற்றைக் குறித்து, இரு பிரதிகளில் கையெழுத்திட்டு, ஒன்றை ஓவியரிடம் கொடுக்க வேண்டும். விற்ற பணத்தில் ஓவியருக்குரிய பங்கு சங்கத்தின் பணம் அல்ல. அதைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, குறித்த நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். படத்தை வாங்கியவருக்கு அதன் பதிப்புரிமை தானாகச் சேர்ந்துவிடுவதில்லை; எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காத வரையில், பொதுவாக அது ஓவியரிடமே இருக்கும். வாங்குபவர் அதை நாட்காட்டியில் அச்சிட்ட பிறகு வருந்தாமல், ரசீதிலேயே ஒரு வரியாகக் குறிப்பிடுவது நல்லது.

படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்காது. நீர்வண்ணப் படங்களுக்கும் காகிதத்தில் வரைந்தவற்றுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். வெயில் நேராக விழும் சன்னலுக்கு எதிரே அவற்றை மாட்டவே கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பு ஆணியைத் தின்றுவிடும் என்பதால் பித்தளைக் கொக்கிகளைப் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் சட்டகத்துக்குள் ஏறிப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சட்டகத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றோட்டம் விட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு படத்தையும் இறக்கிப் பின்புறம் பார்த்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, அதன் விவரத்தை அடுத்த பொதுக்குழுவில் படைத்தவர் முன்னிலையிலேயே வாசியுங்கள்.